கடைமடைக்குத் திரும்பாத கணக்கு

தஞ்சை மாவட்டத்தில் காணி நிலம் வைத்திருப்பவருக்குக்கூடச் சிட்டாவையும் அடங்கலையும் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரே நிலம்தான்; ஆனால் கிராமக் கணக்கில் அது இரண்டு இடத்தில் எழுதப்பட்டிருக்கும். சிட்டா பட்டாதாரரின் பெயரில் தொடங்கி, இன்னாருக்கு எந்தெந்த சர்வே எண்ணில் எவ்வளவு நிலம் என்று சொல்லும். அடங்கல் சர்வே எண்ணில் தொடங்கி, அந்த வயலில் இந்தப் பசலியில் குறுவையா சம்பாவா, எவ்வளவு பரப்பு என்று சொல்லும். ஆளைக் கொண்டு நிலத்தைத் தேட ஒரு நோட்டு, நிலத்தைக் கொண்டு பயிரைத் தேட இன்னொரு நோட்டு. காகிதத்தில் எழுதியதை எழுதிய வரிசையில்தான் தேட முடியும். வேறு வரிசையில் கேள்வி கேட்க வேண்டுமென்றால் எல்லாவற்றையும் மறுபடி வேறு நோட்டில் எழுதியாக வேண்டும். கர்ணம் கணக்கு எழுதிய காலத்திலிருந்து டெல்டாவில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது. மருத்துவப் பதிவுகளை ஏன் கணினிக்கு மாற்ற வேண்டும், வருமானம் குறைந்த நாடுகளில் அந்த மாற்றம் ஏன் சில இடங்களில் வேரூன்றி, பல இடங்களில் பட்டுப்போகிறது என்ற கேள்விக்கும் இந்த இரட்டை நோட்டிலிருந்தே பதில் தேடலாம்.

சமவெளியில் சுமார் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது அரசு வகுத்த அளவு. அங்கே இருக்கும் கிராம சுகாதார செவிலியரை ஊரில் நர்ஸம்மா என்பார்கள். அவருடைய அலமாரியில் தகுதியுள்ள தம்பதியர் பதிவேடு, கர்ப்பிணிகள் பதிவேடு, தடுப்பூசிப் பதிவேடு, பிறப்பு, இறப்பு, மருந்து இருப்பு என்று நோட்டுகள் அடுக்கியிருக்கும். ஒவ்வொரு நோட்டும் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லவே போடப்பட்டது. ஆனால் சிகிச்சைக்கு வருபவர்களை எழுதும் நோட்டுகளுக்கெல்லாம் பொதுவான ஒரு குறை உண்டு. வந்தவர் பெயர்தான் நோட்டில் ஏறும். வராதவர் பெயர் ஏறாது. இன்று ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்ட முப்பது பேர் யார் என்று நோட்டு உடனே சொல்லிவிடும். மூன்று மாதம் முன்பு வந்து, மாத்திரை வாங்கி, அதற்குப் பிறகு இந்தப் பக்கமே எட்டிப் பார்க்காதவர் யார் என்று கேட்டால், பழைய பக்கம் ஒவ்வொன்றையும் புரட்டி, ஒவ்வொரு பெயரையும் பின்வந்த எல்லாப் பக்கங்களிலும் தேடிப் பார்க்க வேண்டும். செய்ய முடியாத வேலை இல்லை. ஆனால் ஊசியும் போட்டு, வீடுவீடாகவும் போய்வரும் ஒருவரால் வாரந்தோறும் செய்யக்கூடிய வேலையும் இல்லை. கணினிக்கோ இது நொடி வேலை. வரவேண்டிய தேதி கடந்தும் புதிய பதிவு விழாத பெயர்களை வடிகட்டு என்றால் வடிகட்டித் தந்துவிடும். ஒருமுறை எழுதியதைச் சிட்டாவாகவும் அடங்கலாகவும் வேண்டிய எந்த வரிசையிலும் பிரித்துப் படிக்கும் திறன்தான் மின்னணுப் பதிவின் சாரம். மற்ற வசதிகள் எல்லாம் இதற்கு அப்புறம்தான்.

இது எவ்வளவு முக்கியம் என்பது நோய்களின் போக்கைப் பார்த்தால் விளங்கும். காலராவும் அம்மையும் ஆளைத் தாமாகவே ஆஸ்பத்திரிக்குத் துரத்தின. சர்க்கரையும் பிரஷரும் துரத்துவதில்லை. உடம்பில் ஒன்றும் தெரியாது. நடவுக்கோ அறுப்புக்கோ போகும் நாளில் கூலியை விட்டுவிட்டு மாத்திரை வாங்க வரிசையில் நிற்க மனம் வராது. ஒரு வாரம் நின்ற மாத்திரை அப்படியே நின்றுவிடும். தமிழ்நாட்டில் 2020-ல் நடந்த ‘ஸ்டெப்ஸ்’ கணக்கெடுப்பில், வயது வந்தோரில் மூன்றில் ஒருவருக்கு உயர் ரத்த அழுத்தம் இருந்தது. அவர்களில் அது கட்டுக்குள் இருந்தது நூற்றுக்கு 7 பேருக்குத்தான். சர்க்கரை நோயாளிகளிலும் நூற்றுக்கு 11 பேருக்கு மேல் அது கட்டுப்படவில்லை. மருந்து இல்லாததால் வந்த நிலை என்று இதைச் சொல்ல முடியாது. அரசு நிலையங்களில் இந்த மாத்திரைகள் இலவசம். தொடர்ந்து வராமல் போனவர்களை யாரும் தேடிப் போகாததும், தேடிப் போக அவர்கள் யார் என்றே தெரியாததும் பெரும் காரணங்கள். நீடித்த நோய் என்பது ஒருவகையில் வராதவர்களின் நோய். வராதவரைக் காட்டாத நோட்டை வைத்துக்கொண்டு அதனோடு போராட முடியாது.

அப்படியானால் எல்லா இடத்திலும் கணினியை வைத்துவிட்டால் முடிந்தது என்று தோன்றும். அனுபவம் அப்படிச் சொல்லவில்லை. மேட்டூரில் திறந்துவிட்ட தண்ணீர் கடைமடைக்கு வந்து சேர்ந்ததா என்பதுதான் ஒவ்வொரு ஆண்டும் டெல்டா விவசாயி கேட்கும் கேள்வி. மருத்துவத் தகவல் அதற்கு நேர் எதிர்த்திசையில் ஓடுகிறது. கடைமடையில் நர்ஸம்மா எழுதுவது வட்டாரத்துக்கும், அங்கிருந்து மாவட்டத்துக்கும், சென்னைக்கும், டெல்லிக்கும் ஏறிப் போகிறது. மேலே அது வரைபடமாகவும் அறிக்கையாகவும் ஆகிறது. எழுதியவருக்கு என்ன திரும்பி வருகிறது? இந்த ஒரு கேள்விக்கான பதிலை வைத்தே ஒரு தகவல் அமைப்பு நிலைக்குமா சாயுமா என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம் என்பது என் வாதம். எழுதுகிற கைக்கே, கூடுமானவரை அன்றைக்கே பயன் தருகிற பதிவு உண்மையாக எழுதப்படும், நீடிக்கும். மேலே அனுப்புவதற்காக மட்டும் எழுதப்படும் பதிவு கடனுக்கு எழுதப்படும். பல நாடுகளின் ஆய்வுகளில் காணப்பட்ட ஒரு வழக்கம் இதற்கு அடையாளம்: ரத்த அழுத்த எண்கள் இயல்புக்கு மீறிப் பூஜ்ஜியத்தில் முடியும், 120/80 என்ற எண் பக்கம் பக்கமாக வரும். எழுதியவரைக் குறை சொல்வதற்கு முன், அந்த எண்ணை அதன்பிறகு யாராவது அவரிடம் திரும்பக் கேட்டார்களா என்று பார்ப்பது நியாயம்.

தமிழ்நாட்டிலேயே இதற்குச் சான்று இருக்கிறது, அதுவும் இணையம் பரவுவதற்கு முன்பிருந்தே. 1994-ல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அரசு மருத்துவமனைகளுக்கெல்லாம் சேர்த்து மருந்து கொள்முதல் செய்கிறது. மாவட்டக் கிடங்குகளில் இருப்பைக் கணினியில் ஏற்றினார்கள். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக் கொடுத்தார்கள். அதில் அந்த நிலையத்துக்கான ஒதுக்கீட்டுத் தொகையும், எடுத்த மருந்தும், மீதியும் இருக்கும். வங்கிப் பாஸ்புக் மாதிரிதான். இதில் எழுதினால் மருந்தாளுநருக்கு என்ன கிடைக்கும் என்று விளக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. எழுதினால் மருந்து வரும். கிடங்குக்கு எங்கே எது தீரப்போகிறது என்று தெரியும். அந்த முறை நிலைத்தது. கேரளமும் ராஜஸ்தானும் அதைப் பார்த்துத் தங்கள் கழகங்களை அமைத்துக்கொண்டன. தாய் இறப்புத் தணிக்கையும் அப்படித்தான். பிரசவத்தையொட்டி ஒரு பெண் இறந்தால், எந்த வேளையில் வலி கண்டது, எந்த வண்டியில் ஏற்றினார்கள், எங்கே தாமதமானது, ரத்தம் கிடைத்ததா என்று ஒவ்வொரு மரணத்தையும் விசாரித்து எழுதும் வழக்கம் 1990-களிலேயே இங்கே தொடங்கிவிட்டது. வெறும் காகிதம்தான். ஆனால் அந்தக் காகிதம் மாவட்டக் கூட்டத்தில் அதே மருத்துவர்கள் முன் திரும்ப வைக்கப்பட்டது. ஒரு லட்சம் பிறப்புக்கு 2010-12 காலத்தில் 90 ஆக இருந்த தாய் இறப்பு, 2018-20-ல் 54 ஆனது. சாலை, ஆம்புலன்ஸ், ரத்த வங்கி எல்லாவற்றுக்கும் அதில் பங்கு உண்டு. எழுதியது திரும்பி வந்ததற்கும் உண்டு.

இணையம் வந்த பிறகு தமிழ்நாட்டுக் கிராமங்கள் மிக அதிகம் அறிந்த மின்னணுப் பதிவு ‘பிக்மி’. கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் தொடர்ந்து கவனிப்பதற்கான இந்த அமைப்பு 2008 வாக்கில் தொடங்கியது. டெல்டாவின் குடும்ப வழக்கத்தை நினைத்தால் இதன் தேவை புரியும். ஒரத்தநாட்டில் கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு முதல் ஐந்தாறு மாதம் அங்கேதான் ஊசியும் ஸ்கேனும். வளைகாப்பு முடிந்ததும் திருத்துறைப்பூண்டிப் பக்கம் தாய்வீட்டுக்கு வந்துவிடுவாள், பிரசவம் அங்கே. மாவட்டமே மாறிவிடுகிறது. அங்கே நர்ஸம்மாவின் நோட்டில் அவள் புது ஆள். பெயரை வைத்துத் தேடலாம் என்றால், தமிழ்ப் பெயர்களைப் போலக் கணினிக்குக் கடினமானவை குறைவு. குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். கல்யாணத்துக்கு முன் அப்பாவின் எழுத்து, பின் கணவரின் எழுத்து. லட்சுமி என்று ஓரிடத்தில் எழுதினால் இன்னோரிடத்தில் லெட்சுமி, ஆங்கிலத்தில் ஏற்றும்போது அதற்கு நாலைந்து எழுத்துக்கூட்டல். வயது தோராயம். ரா. லட்சுமி 24-ம், மு. லெட்சுமி 25-ம் ஒரே ஆள்தானா என்று கணினி எப்படிச் சொல்லும்? பெயர் ஒற்றுமை, வயது, ஊர், கைப்பேசி எண் ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டு, கூட்டுத்தொகை ஓர் அளவைத் தாண்டினால் ஒரே ஆள் என்று ஊகிக்கும் முறைகள் உண்டு. ஊகம் தப்பினால் ஒருத்தியின் ரத்த வகை இன்னொருத்தியின் பதிவில் போய் ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் எண் வேண்டியிருக்கிறது. பிக்மி தரும் 12 இலக்க எண் அவள் கூடவே தாய்வீட்டுக்கு வந்தால், ரத்தசோகை இருந்ததும், போன முறை அறுவைசிகிச்சை நடந்ததும் கூடவே வந்துவிடும்.

இந்த எண்ணை மக்கள் தாங்களே கேட்டு வாங்குகிறார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் 18,000 ரூபாய் உதவிக்கு அது வேண்டும். குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அது கேட்கப்பட்டது. தாய்க்குத் திரும்பி வருகிற பயன் கண்ணுக்குத் தெரிந்ததால் தாய் தரப்பில் பதிவு நடந்தது. பதிவேற்றுகிற நர்ஸம்மாவுக்கு? நோட்டில் எழுதியதையே திரும்பவும் கணினியில் ஏற்றும் இரட்டை வேலை அவர் தலையில் விழுந்தது. பகலில் களப்பணி, இரவில் வீட்டில் பதிவேற்றம். இந்தச் சுமையை எதிர்த்துக் கிராம சுகாதார செவிலியர்கள் போராடியது நியாயமானது. கணினி வந்தும் நோட்டை நிறுத்தாத நிர்வாகம், கணினியை நம்பவில்லை என்று தன் ஊழியருக்கே அறிவிக்கிறது. நோட்டு எடுக்கப்படும் நாள் எது என்று தேதி குறிக்காமல் எந்த மென்பொருளையும் களத்துக்கு அனுப்பக் கூடாது என்பது இந்த விஷயத்தில் நான் உறுதியாக நிற்கும் இடம்.

உலக அனுபவமும் இதே பக்கம்தான் நிற்கிறது. கென்யாவின் மேற்கில் மொசோரியட் என்ற கிராமப்புறச் சுகாதார நிலையத்தில் 2001-ல் ஒரு சாதாரணக் கணினிப் பதிவு முறையை வைத்தார்கள். முன்னும் பின்னும் ஆட்களை நிறுத்தி ஒவ்வொரு வேலைக்கும் எடுத்த நேரத்தைக் கணக்கிட்டார்கள். நோயாளி நிலையத்தில் கழித்த நேரம் 22 விழுக்காடு குறைந்தது. காத்திருந்த நேரம் 38 விழுக்காடு குறைந்தது. ஒரு நோயாளிக்கு ஊழியர் செலவிட்ட நேரம் 58 விழுக்காடு குறைந்தது. எழுதிய கைக்கு எழுத்து வேலை குறைந்தது; பலன் அன்றைக்கே தெரிந்தது. அந்த விதையிலிருந்து 2004-ல் ‘ஓப்பன் எம்ஆர்எஸ்’ என்ற கட்டற்ற மென்பொருள் வளர்ந்தது. சத்தீஸ்கரில் பிலாஸ்பூர் பக்கம் கனியாரியில் ஜன் ஸ்வாஸ்த்ய சஹயோக் நடத்தும் மருத்துவமனைக்காக அதன் மேல் கட்டப்பட்ட ‘பாம்னி’ இன்று பல நாடுகளில் ஓடுகிறது. தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சி முடிந்த சமயம் கேப் டவுனில் ஒரு குழு வேறொரு பக்கத்திலிருந்து தொடங்கியது. ஒவ்வொரு நிலையமும் நிரப்ப வேண்டிய படிவங்களைக் குவித்துப் பார்த்து, அங்கேயே பயன்படாத எண்ணைச் சேகரிக்காதே என்று வெட்டித் தள்ளினார்கள். ஆஸ்லோ பல்கலைக்கழகத்தின் துணையோடு அந்த முயற்சி வளர்ந்து ‘டிஎச்ஐஎஸ்2’ ஆனது. பல பத்து நாடுகளின் சுகாதாரத் துறைகள் அதைப் பயன்படுத்துகின்றன. இலங்கை 2020-ன் தொடக்கத்திலேயே கோவிட் கண்காணிப்புக்கு அதை மாற்றியமைத்துவிட்டது; பிற நாடுகள் அதை எடுத்துக்கொண்டன. அவ்வளவு விரைவு எப்படி வந்தது? கொழும்பில் 2009 முதலே மருத்துவர்களுக்கு மருத்துவத் தகவலியலில் முதுகலைப் படிப்பு நடந்துவந்தது. மென்பொருளைத் திருத்தும் கை உள்ளூரிலேயே இருந்தது.

எதிர்ப்பக்கச் சான்றைத் தேட ஏழை நாட்டுக்குப் போக வேண்டியதில்லை. இங்கிலாந்து 2002-ல் தேசிய சுகாதார சேவை முழுவதற்கும் ஒரே மின்னணுத் திட்டத்தைத் தொடங்கி, சுமார் 1,000 கோடி பவுண்டு அளவுக்குக் கணக்கு ஏறிய நிலையில், 2011-ல் அதைக் கலைப்பதாக அறிவித்தது. பணமும் மின்சாரமும் படித்த ஊழியரும் எல்லாம் இருந்தும் தோற்றதற்குச் சொல்லப்படும் காரணங்களில் முதன்மையானது, மேலேயிருந்து வகுத்து வார்டில் இருப்பவர் மேல் இறக்கியது. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் ஹீக்ஸ் இப்படிப்பட்ட தோல்விகளை ஆராய்ந்து, வடிவமைத்தவர் மனதில் வைத்த ஆஸ்பத்திரிக்கும் இருக்கிற ஆஸ்பத்திரிக்கும் உள்ள தூரம் கூடக்கூடத் தோல்வியும் கூடும் என்றார். வருமானம் குறைந்த நாடுகளில் அந்தத் தூரம் தொடக்கத்திலேயே அதிகம். மென்பொருள் எழுதுபவர் கண்ணில் நாற்காலியும் மேசையும் தடையில்லா மின்சாரமும் இருக்கும். நர்ஸம்மா அங்கன்வாடித் திண்ணையில் உட்கார்ந்து மடியில் நோட்டை வைத்து எழுதிக்கொண்டிருப்பார்.

தஞ்சை மாவட்டமே இந்த விஷயத்தில் ஒரு பரிசோதனைக் களமாக இருந்தது என்பது இங்கேயே பலருக்குத் தெரியாது. ஐ.கே.பி. பொது சுகாதாரத் தொழில்நுட்ப மையம் என்ற நிறுவனம் 2009-ல் பட்டுக்கோட்டைப் பக்கம் கரம்பயத்தில் ஒரு சிறு கிராம மருத்துவ மையத்தைத் தொடங்கியது. அலக்குடி போன்ற ஊர்களுக்கு அது பரவியது. ‘சுகவாழ்வு’ என்ற பெயரில் இயங்கிய இந்த மையங்களில் ஆயுஷ் மருத்துவர்களுக்குப் பென்சில்வேனியா பல்கலைக்கழகச் செவிலியர் பள்ளியின் உதவியோடு பயிற்சி தரப்பட்டது. உள்ளூர்ப் பெண்கள் வீடுவீடாகப் போய் எடை, இடுப்பளவு, ரத்த அழுத்தம் பார்த்துப் பதிந்தார்கள். மையத்தில் மருத்துவர் தொடரும் சிகிச்சை நெறிமுறையும் நோயாளியின் பதிவும் ஒரே மென்பொருளில் இருந்தன. இந்த நோய்க்கு இந்தக் கேள்வியைக் கேட்டாயா, இந்தப் பரிசோதனையைச் செய்தாயா என்று திரை நினைவூட்டும். எழுதுகிறவருக்கே திரும்பும் பயனுக்கு இதைவிட நெருக்கமான உதாரணம் கிடையாது. அதன் எல்லையும் தெளிவு. சில ஊர்களில் மட்டும் இருந்த தனி அமைப்பு அது. அதே நோயாளி தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்குப் போனால் அந்தப் பதிவு கூடப் போகாது. நல்ல வாய்க்கால்தான், ஆற்றோடு சேரவில்லை.

அரசு ஆற்றோடு சேர்ந்த முயற்சி 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’. மகளிர் குழுக்களிலிருந்து வந்த தன்னார்வலர் வீட்டுக்கே போய்ப் பரிசோதித்துச் செயலியில் பதிகிறார். நோய் உறுதியானவருக்கு மாத்திரை வீடு தேடி வருகிறது. வராதவரைத் தேடிப் போவது என்பது திட்டத்தின் பெயரிலேயே இருக்கிறது. 2023-24-ல் மறுபடி நடந்த ‘ஸ்டெப்ஸ்’ கணக்கெடுப்பில், ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருந்தவர்கள் நூற்றுக்கு 7 என்பதிலிருந்து 17 ஆகியிருந்தார்கள். இந்த உயர்வைச் செயலியின் கணக்கில் எழுதுவது தவறு. காலும் மாத்திரையும்தான் முதற்காரணம். ஆனால் எந்த வீட்டுக்கு எந்த மாதம் எந்த மாத்திரை என்பதை லட்சக்கணக்கான வீடுகளுக்கு நினைவில் வைத்துக்கொள்ள வேறு வழி இல்லை.

இங்கேதான் கனமான மறுப்பு ஒன்று எழுகிறது. இத்தனை பணத்தைக் கணினிக்குக் கொட்டுவதற்குப் பதில் இன்னும் நர்ஸ்களைப் போடலாமே? இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்றால் நர்ஸைத்தான் போட வேண்டும். அதில் எனக்குச் சந்தேகமில்லை. கணினி ஊசி போடாது. ஆனால் நர்ஸ் பற்றாக்குறை உள்ள இடத்தில்தான், அவர் நடக்கிற ஒவ்வொரு நடையும் சரியான வாசலுக்குப் போக வேண்டியிருக்கிறது. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிற இருபது வீட்டுக்குப் போய், விட்டுவிட்ட மூன்று வீட்டைத் தவறவிட்டால் அந்த நாளின் வெயிலுக்குப் பொருளே இல்லை. பட்டியல் நர்ஸுக்கு மாற்று ஆகாது. அவருடைய காலைச் சேமிக்கும் கருவி அது. பட்டியல் தராத, பதிவை மட்டும் கேட்கிற கணினியை வாங்குவதானால் மறுப்பாளர் சொல்வதே சரி. அந்தப் பணத்தில் ஒரு செவிலியரை நியமிக்கலாம்.

மின்சாரத்தையும் இணைப்பையும் பற்றிய மறுப்பை, 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா புயலைப் பார்த்தவர்களிடம் லேசாகத் தள்ளிவிட முடியாது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்தன, வாரக்கணக்கில் இருட்டு. இப்படிப்பட்ட நாட்டில் தரவு முழுவதும் தொலைதூரச் சர்வரில் மட்டும் இருந்தால் தேவையான வேளையில் அது கைக்கு எட்டாது. இதற்குத் தொழில்நுட்ப விடை உண்டு. மலாவியில் பேயோபாப் அமைப்பு, மின்வெட்டு அன்றாடம் என்று எடுத்துக்கொண்டே, மின்கலத்தில் ஓடும் குறைந்த மின் செலவுத் தொடுதிரைக் கருவிகளை வடிவமைத்தது. தட்டச்சு தெரியாத செவிலியரும் விரலால் தொட்டு வேலையை முடிக்கலாம். செயலியிலும் அதே கொள்கை வேண்டும்: பதிவு முதலில் கைப்பேசியிலேயே தங்க வேண்டும், சிக்னல் கிடைக்கும்போது மேலே போக வேண்டும். நர்ஸம்மாவின் எல்லைக்குள் இருக்கும் 5,000 பேரின் சுருக்கப் பதிவுக்குக் கைப்பேசியின் ஒரு மூலை போதும். புயலுக்குப் பிறகு முகாமில் இன்சுலின் வேண்டியவர் யார், டயாலிசிஸில் இருப்பவர் யார், பிரசவத் தேதி நெருங்கியவர் யார் என்று கேட்கும்போது, நனைந்துபோன நோட்டைவிட அந்தக் கைப்பேசியே நம்பகமானது.

திரை வந்தால் மருத்துவரின் கண் நோயாளியை விட்டுப் போய்விடும் என்ற கவலையும் பொய்யில்லை. அமெரிக்காவில் 2016-ல் வெளியான ஆய்வொன்றில், நோயாளியோடு செலவிடும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் மருத்துவர்கள் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் கணினியிலும் மேசை வேலையிலும் செலவிட்டது தெரிந்தது. அங்கே பதிவின் பெரும்பகுதி காப்பீட்டுப் பில்லுக்கானது; எழுதியது மருத்துவருக்குத் திரும்பாமல் வேறெங்கோ போகிறது. தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகத்தில் இரண்டாம் சரபோஜி காலத்துக் கண் சிகிச்சைக் குறிப்புகள் இருக்கின்றன. நோயாளியின் கண்ணை வண்ணத்தில் வரைந்து, பக்கத்தில் சிகிச்சை விவரம் எழுதியிருக்கிறார்கள். வரைவதற்காகவாவது ஒருவர் அந்தக் கண்ணை நின்று பார்த்திருக்கிறார். ஒரு மருத்துவப் பதிவு நோயாளியை இன்னும் கூர்ந்து பார்க்கவைக்க வேண்டும். பார்வையைத் திருப்புகிற ஒவ்வொரு கட்டமும் படிவத்திலிருந்து எடுபட வேண்டும்.

என்னை அதிகம் கலங்கவைப்பது அந்தரங்கம். 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் முடக்கப்பட்டு, வாரக்கணக்கில் வேலைகள் காகிதத்துக்குத் திரும்பின. 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆனால் கிராமத்தில் ரகசியம் கசிவது பெரும்பாலும் சர்வர் வழியாக இருக்காது. வீட்டுக்கு வரும் தன்னார்வலர் அதே தெருக்காரர். காசநோய், எச்.ஐ.வி., கருக்கலைப்பு, மனநோய் மருந்து இவை அவர் கைப்பேசியில் தெரிந்தால், சட்டம் வருவதற்கு முன் செய்தி டீக்கடைக்கு வந்துவிடும். ஒரு பெண்ணின் கல்யாணம் நின்றுபோகும். நோட்டுக் காலத்தில் நர்ஸம்மாவின் அலமாரிப் பூட்டு ஒருவகைக் காவலாக இருந்தது. மின்னணுப் பதிவில் அந்தப் பூட்டை வேறு வடிவில் போட வேண்டும். மாத்திரை கொடுக்கிறவருக்கு மாத்திரையின் பெயரும் தேதியும் மட்டும் தெரிந்தால் போதும். எந்தப் பதிவை யார் எப்போது திறந்தார் என்பது அழிக்க முடியாதபடி பதிய வேண்டும். அந்தப் பட்டியலைக் கேட்டுப் பார்க்கும் உரிமை நோயாளிக்கு வேண்டும். இது நுணுக்கமான வேலை, செலவு பிடிக்கும் வேலை. இதைப் பின்னால் சேர்த்துக்கொள்ளலாம் என்று தொடங்கும் திட்டத்தை நான் ஆதரிக்க மாட்டேன்.

மீதமிருப்பது இணைப்பு. டெல்டாவுக்குள்ளேயே ஒரு மாநில எல்லை ஓடுகிறது. காரைக்கால் புதுச்சேரியைச் சேர்ந்தது. நாலாபுறமும் தமிழ்நாடும் கடலும். 2020 ஆகஸ்டில் தேசிய மின்னணு சுகாதார இயக்கத்தின் முன்னோட்டத்துக்கு ஆறு ஒன்றியப் பகுதிகள் எடுக்கப்பட்டபோது புதுச்சேரி அவற்றில் ஒன்று. ஆகவே காவிரி நீர் பாயும் ஊர்களில் காரைக்கால் முதலிலேயே அதற்குள் வந்தது. நாடு முழுவதும் 2021 செப்டம்பர் 27 அன்று அது விரிந்தது. 14 இலக்க ‘ஆபா’ எண்ணே அதன் அச்சாணி. பதிவுகளையெல்லாம் ஒரே கிடங்கில் குவிப்பது அதன் நோக்கமில்லை. எந்த மருத்துவமனையில் உண்டானதோ அங்கேயே பதிவு இருக்கும், நோயாளி சம்மதித்தால் இன்னொரு மருத்துவமனை அதைக் கேட்டு வாங்கிப் படிக்கும். அதற்கு இரண்டு பக்கமும் ஒரே அமைப்பில் எழுதியிருக்க வேண்டும். ‘ஃபயர்’ என்று அழைக்கப்படும் உலகப் பொதுத் தரம் அதற்கானது. சர்க்கரை அளவு என்ற கட்டம் இரு மென்பொருளிலும் ஒரே பொருள் தர வேண்டும். சாப்பிடும் முன்பா பின்பா என்பது உட்பட. எண் உருவாக்குவது எளிது, எண்ணிக்கை காட்டுவதும் எளிது. அந்த எண்ணுக்குப் பின்னால் படிக்கத்தக்க பதிவு வந்து சேர்கிறதா என்பதே சோதனை. திருமருகல் பக்கத்திலிருந்து நெஞ்சுவலியோடு காரைக்கால் ஆஸ்பத்திரிக்குப் போய், நாலு நாள் இருந்து வீடு திரும்புகிறார் ஒரு விவசாயக் கூலி. புதிய மாத்திரைகள் மூன்று, நிறுத்தச் சொன்னது ஒன்று. இணைப்பு அமைந்திருந்தால், அடுத்த திங்கட்கிழமை காலை அவருடைய ஊர் நர்ஸம்மாவின் கைப்பேசியில் அவர் பெயர் முதல் வரியில் இருக்கும், நிறுத்த வேண்டிய மாத்திரையின் பெயரோடு. அமையாவிட்டால், அந்த விவரம் முழுவதும் அவர் சட்டைப்பையில் மடித்து வைத்த டிஸ்சார்ஜ் சீட்டில் இருக்கும். வேலைக்குப் போகத் தொடங்கிய முதல் வாரத்தில் அந்தச் சட்டை துவைக்கப்படும்.